படுதாவுக்குப் பின்னால் நான்கு நிமிடம்

ஜனவரி மாதத்தில் இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றுக்குப் போனால், ஊர்மன்றத்தின் கதவில் சுவரொட்டி ஒன்று நிச்சயம் இருக்கும். சிண்ட்ரெல்லா, அலாவுதீன், டிக் விட்டிங்டன், ஜாக்கும் அவரைக்கொடியும் என்று ஏதோ ஒரு தேவதைக் கதை. உள்ளே 150 நாற்காலிகள், ஆறு மீட்டர் அகல மேடை, அதன் ஓரத்தில் ஒரு கீபோர்டும் டிரம்ஸும். நடிப்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பகலில் கடிதம் கொடுப்பவர், பல் பிடுங்குபவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். இதைத்தான் பாண்டோமைம் என்கிறார்கள். வீட்டில் செல்லமாகப் 'பாண்டோ'.

பெயரைக் கேட்டதும் ஊமைக்கூத்து என்று தோன்றும். ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 1717 வாக்கில் லண்டனில் ஜான் ரிச் ஆடிய ஹார்லிக்வின் என்ற கோமாளி வேடங்கள் வாய் பேசாதவை. வசன நாடகம் போடும் உரிமை அரச சாசனம் பெற்ற ஓரிரு அரங்குகளுக்கு மட்டுமே இருந்த காலம் அது. மற்ற இடங்களில் உடம்பும் பாட்டும்தான் கதை சொல்ல வேண்டும். 1843-இல் வந்த அரங்கச் சட்டம் அந்தக் கட்டை அவிழ்த்தது. அதற்குப்பின் பாண்டோவில் சிலேடையும் எதுகையும் கத்தலும் புகுந்தன. இன்றைய பாண்டோவைப் போல வாய் ஓயாத நாடகம் வேறு கிடையாது. மேடை மட்டுமல்ல, கூட்டமும் கத்தும்.

அந்தக் கத்தலையும் கும்மாளத்தையும் பார்த்துவிட்டு, 'கொஞ்சம் முன்னேபின்னே போனால் என்ன, எல்லாம் விளையாட்டுத்தானே' என்று இறங்குகிற குழுக்கள்தான் இரண்டே முக்கால் மணி நேரம் இழுத்து, குழந்தைகளை நாற்காலியிலேயே தூங்க வைக்கின்றன. பாண்டோவில் எதுவும் தற்செயலாக நடப்பதில்லை. கொமடியன் சும்மா முன்னால் வந்து அரட்டை அடிப்பதுபோல் தெரிகிற நான்கு நிமிடத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அவர் முதுகுக்குப் பின்னால், படுதாவுக்கு அந்தப் பக்கம், ஆறு பேர் செருப்பில்லாமல் ஓடி ஒரு கிராமத்தைத் தூக்கிவிட்டு ஓர் அடுக்களையை நிறுத்திக்கொண்டிருப்பார்கள். அந்த நான்கு நிமிடத்தைப் புரிந்துகொண்டால் பாண்டோ முழுக்கப் புரிந்துவிடும்.

ஜாக் கதையையே எடுத்துக்கொள்வோம். அமெச்சூர் குழுக்களுக்கு இதைவிடப் பொருத்தமான கதை இல்லை என்பது என் எண்ணம். ஒரு ஏழைத் தாய், ஒரு பிள்ளை, ஒரு பசு, ஒரு கொடி, ஓர் அரக்கன். பசுவை விற்றுக் கிடைத்த அவரைவிதையிலிருந்து கொடி வானம் வரை வளர, ஜாக் அதில் ஏறி அரக்கனின் கோட்டைக்குப் போகிறான். எல்லாருக்கும் வேலை இருக்கிறது. பாண்டோவில் இந்தக் கதைக்கு வயதும் அதிகம். 1819-இல் லண்டனின் ட்ரூரி லேன் அரங்கில் இது மேடையேறியபோது ஜாக்காக வந்தவர் எலைசா போவி என்ற பெண். கதாநாயகன் வேடத்தைப் பெண் கட்டும் 'பிரின்சிபல் பாய்' மரபுக்கு அவரைத்தான் முதல் ஆளாகச் சொல்வார்கள். தாய் வேடமான 'டேம்' ஆணுக்குரியது. நம் கம்பெனி நாடகத்தில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் இருந்ததைப்போலத்தான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஸ்திரீபார்ட் நடிகர் பெண்ணாகவே தெரிய வேண்டும். அதில்தான் அவருடைய கலை. டேம் ஒரு கணம்கூடப் பெண்ணாகத் தெரியக் கூடாது. பாவாடைக்குக் கீழே தடித்த பூட்ஸ் தெரிய வேண்டும், குரல் ஆண் குரலாகவே இருக்க வேண்டும். ஆண் ஒருவர் பெண் உடை போட்டிருக்கிறார் என்பதைக் குழந்தையும் அறிந்திருப்பதில்தான் சிரிப்பு இருக்கிறது. 1888 முதல் ட்ரூரி லேனில் டேம் வேடம் கட்டிய டான் லீனோவை இன்றைக்கும் முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். கோமாளித்தனத்துக்கு நடுவே, வாடகை கொடுக்க முடியாத, வேலை செய்து களைத்த ஒரு தாயையும் அவர் காட்டினார். ஜாக்கின் தாயான டேம் டிராட் தன் பசுவை விற்க அனுப்பும் காட்சியில் யாராவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டால்தான் அந்த டேம் சரியான டேம்.

காட்சி வரிசைக்கு வருவோம். சிற்றூர் மன்றத்தில் மேடைக்கு மேலே படுதாவைத் தூக்கி மறைக்க உயரம் இருக்காது. தரையிலிருந்து கூரைக்கு மூன்றரை மீட்டர் இருந்தால் அதிகம். அதனால் முழு மேடைக் காட்சி ஒன்று, முன்படுதாக் காட்சி ஒன்று என்று மாற்றி மாற்றிப் பின்னுவார்கள். முதலில் மூடிய திரைக்கு முன் தேவதையும் வில்லனும் எதுகைப் பாட்டில் சண்டையிடும் இரண்டு நிமிட முகப்பு. பிறகு கிராமம், முழு மேடை. பிறகு வயல்வழி, முன்படுதா. பிறகு டேமின் பால்பண்ணை, முழு மேடை. மறுபடி வயல்வழி, அங்கேதான் பசு விற்பனை. கடைசியில் இரவுத் தோட்டம், கொடி வளர்கிறது, இடைவேளை. இரண்டாம் பாதியில் மேகநாடு, பேய்க்காடு, அரக்கனின் கோட்டை, துரத்தல், கொடியை வெட்டுதல், கூட்டுப்பாட்டு, கல்யாணம். முதல் பாதி 65 நிமிடத்தையும் இரண்டாம் பாதி 50 நிமிடத்தையும் தாண்டவே கூடாது. இடைவேளையோடு இரண்டேகால் மணி. அதற்கு மேல் ஐந்து வயதுப் பிள்ளையின் உடம்பு ஒத்துழைக்காது.

முன்படுதாவுக்கு முன்னால் நடிகர்களுக்குக் கிடைப்பது 1.2 மீட்டர் ஆழம்தான். அதில் மூன்று பேர் வரிசையாக நிற்கலாம். ஐந்து பேர் நின்றால் முழங்கை படுதாவில் பட்டு, வயலும் வானமும் அலை அடிக்கும். படுதாவைச் சுருட்டி ஏற்றுவது தாழ்வான மன்றங்களில் எளிய வழி. கீழ் ஓரத்தை 110 மில்லிமீட்டர் கழிவுநீர்க் குழாயில் சுற்றி, இரண்டு முனையிலும் கயிறு போட்டு இழுத்தால் குழாய் தானாகச் சுழன்று மேலேறும். இதில் இரண்டு தொல்லை வரும். குழாய் பெரும்பாலும் மூன்று மீட்டர் நீளத்தில்தான் கிடைக்கும். இரண்டை இணைத்தால் நடுவில் தொய்ந்து, துணி சுருக்கம் விழும்; உள்ளே மரக்கட்டை ஒன்றை நுழைத்துத் திருகாணி போட வேண்டும். இரண்டாவது, இரண்டு கயிற்றையும் இரண்டு பேர் இழுத்தால் ஒரு பக்கம் முந்தி, படுதா சாய்ந்து சிக்கிக்கொள்ளும். இரண்டையும் ஒரே கைக்கயிற்றில் முடிந்து ஒருவரே இழுத்தால் இந்தப் பிரச்சினை வராது.

அடுத்து நேரக் கணக்கு. மேடை மேலாளர் ஒவ்வொரு காட்சி மாற்றத்தையும் கடிகாரம் வைத்து மூன்று முறை அளப்பார். மூன்றில் மெதுவானதோடு முப்பது விநாடி சேர்த்தால் வருவதுதான் முன்படுதாக் காட்சியின் குறைந்தபட்ச நீளம். எழுதப்பட்ட காட்சி அதைவிடச் சிறியதாக இருந்தால் நகைச்சுவையைக் கூட்டலாம், அல்லது காட்சி வரைந்த தட்டிகளைக் குறைக்கலாம். இரண்டாவதே பெரும்பாலும் நல்ல முடிவு. ஒத்திகை அறையில் நன்றாகப் போகிற காட்சி மேடையில் ஏன் சாகிறது என்று பலருக்குப் புரிவதில்லை. பின்னால் சக்கரம் வைத்த மேடைப்பெட்டிகள் உருளும் சத்தம்தான் காரணம். அதனால் ஜாக் தன் காதலைச் சொல்லும் மெல்லிய காட்சியை முன்படுதாவுக்கு முன் வைக்கவே கூடாது. அங்கே பாட்டு இருக்க வேண்டும், இல்லையென்றால் கத்தல். கொமடியனின் பையில் எப்போதும் ஓர் உபரி நகைச்சுவை இருக்கும். பக்கத்தட்டிக்கு உள்ளேயிருந்து மேடை மேலாளர் டார்ச்சை ஒரு முறை காட்டினால் 'இன்னும் ஆகவில்லை, இழு' என்று பொருள். இரண்டு முறை காட்டினால் 'முடி'.

பால்பண்ணைக் காட்சியில்தான் 'ஸ்லாஷ்' வரும். நுரையும் குழம்புமாக ஒருவர் மேல் ஒருவர் அப்பிக்கொள்கிற காட்சி. குழந்தைகள் வருடம் முழுவதும் நினைவில் வைத்திருப்பது இதைத்தான். காட்சியைக் கெடுக்கிற பிழைகள் அநேகமாக முன்கூட்டியே, பொருள் வாங்கும்போதே நேர்ந்துவிடுகின்றன. உண்மையான கிரீம் வாங்கினால் இரண்டாம் நாள் நாற்றம் அடிக்கும். துணியிலிருந்து போகவும் போகாது. டின்னில் வரும் ஷேவிங் நுரை விளக்குச் சூட்டில் சீக்கிரம் அமுங்கிவிடும். பழைய ஆட்கள் கையாளும் முறைதான் சிறந்தது. ஷேவிங் சோப்புக் கட்டிகளைத் துருவி, மூழ்குமளவு வெந்நீர் ஊற்றி ஊறவிட்டு, காட்சிக்குக் கொஞ்சம் முன்பு துளைபோடும் கருவியின் முனையில் பெயின்ட் கலக்கியை மாட்டி அடிப்பார்கள். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். நிறம் சேர்ப்பதாக இருந்தால் துணியில் ஒரு துளி விட்டு, காயவைத்து, துவைத்துப் பார்த்துவிட்டுச் சேர்க்க வேண்டும். எத்தனை நல்ல சோப்பானாலும் கண் எரியும். அதனால் முகத்தில் எறிவது இல்லை. காகிதத் தட்டை முகத்துக்கு நேரே கொண்டுவந்து, வாங்குகிறவர் மூச்சை நிறுத்திக் கண்ணை மூட ஒரு தாளம் விட்டு, மெல்ல அழுத்துவார்கள். அந்த ஒரு தாளம்தான் சிரிப்பையும் கொண்டுவருகிறது. நடக்கப் போவது என்ன என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிட்டது, இன்னும் நடக்கவில்லை. எறிந்தால் அந்த ருசி போய்விடும்.

சோப்பு பட்ட தரை கண்ணாடி மாதிரி வழுக்கும். காட்சிக்கு முன்பே தரையில் பெரிய வினைல் விரிப்புப் போட்டு, நாலு பக்கமும் ஓரம் மடித்து நிறுத்த வேண்டும். எல்லாருக்கும் ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி. காட்சி முடிந்ததும் நாலு மூலையையும் உள்பக்கமாக மடித்து, மூட்டையாகவே இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். மேடையில் வைத்துத் துடைக்க ஆரம்பித்தால் பத்து நிமிடம் போய்விடும். எவ்வளவு துடைத்தாலும் ஓர் ஈரத்திட்டு மிஞ்சும். அதனால் ஸ்லாஷுக்கு அடுத்த முழுமேடைக் காட்சியில் நடனமே வைக்கக் கூடாது. குழந்தைகள் வழுக்கி விழுந்தால் விழுந்ததுதான்.

டெய்சி பசுவைப் பற்றி ஒரு முழுப் பதிவே எழுதலாம். ஒரு தோலுக்குள் இரண்டு பேர். முன்காலாக வருபவருக்குத் தலை. பின்காலாக வருபவருக்குத் தியாகம். பின்னவர் குனிந்து, முன்னவரின் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். அதனால் பின்னவர் கொஞ்சம் குட்டையானவராகவும் முதுகுவலி இல்லாதவராகவும் இருக்க வேண்டும். தொடர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் மேடையில் நிறுத்துவது கொடுமை; உள்ளே சூடும் மூச்சுத் திணறலும் சேர்ந்துகொள்ளும். காட்சி நீண்டால் பசு ஒரு பெட்டியின் மேல் உட்காரலாம். பசு காலை மடித்து உட்காருவதே ஒரு சிரிப்பு, பின்னவருக்கும் இடுப்பு நிமிரும். தலையை சைக்கிள் ஹெல்மெட்டின் மேல் கட்டினால் கழுத்து ஆடாது. பார்வை பசுவின் கண் வழியாக அல்ல, வாய் அல்லது கழுத்தில் தைத்த மெல்லிய கறுப்பு வலை வழியாக. முன்னவருக்குத் தன் காலடியே தெரியாது. மேடை விளிம்பு சுத்தமாகத் தெரியாது. பசு மேடையில் இருக்கும் நேரமெல்லாம் அதன் கழுத்துக் கயிறு ஒருவர் கையில் இருக்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

நடையை முதல் வாரத்திலேயே பழக வேண்டும். தோல் தயாராகும் வரை காத்திருந்தால் பசு பிறக்கவே பிறக்காது. இருவரும் சேர்ந்து, எந்தக் கால் முதலில் என்று முடிவு செய்து, வாய்க்குள் எண்ணியபடி அறையைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். அதன்பின் சின்னச் சின்ன உணர்ச்சிகள். தலையைத் தாழ்த்தினால் வெட்கம். பின்காலைக் குறுக்கே போட்டால் அலட்சியம். தலை ஒரு பக்கமும் வால் மறுபக்கமும் திரும்பினால் குழப்பம். பசு பேசாது, ஆனால் எல்லாரும் பேசுவதைக் கேட்கும். யார் பேசுகிறார்களோ அவர் பக்கம் தலையைத் திருப்பினாலே போதும், அது உயிருள்ள பசுவாகிவிடும். விற்பனைக் காட்சியில் அது ஒரு முறை திரும்பி ஜாக்கைப் பார்த்தால் நாலு வயதுப் பிள்ளைகள் அழுவார்கள். உள்ளே இருப்பது இரண்டு பேர் என்று தெரிந்தே அழுவார்கள்.

கொடி வளர்வதுதான் முதல் பாதியின் உச்சம். பச்சைத் துணியைக் கயிறுபோல முறுக்கி, பஞ்சடைத்து, இலைகளைத் தைத்து, தொட்டிக்குள் மறைத்து வைப்பார்கள். உச்சியிலிருந்து ஒரு மெல்லிய நூல் கூரைக் கப்பி வழியாகப் பக்கத்தட்டிக்குள் போகும். நூல் கறுப்பாக, பின்னிய நூலாக இருக்க வேண்டும். மீன்பிடிக்கிற நைலான் நரம்பு கண்ணுக்குத் தெரியாது என்று நினைப்பது தவறு. விளக்குப் பட்டால் வெள்ளிக்கோடு மாதிரி மின்னும். இலையைத் தைப்பதில் ஒரு நுணுக்கம். காம்பு மேலேயும் நுனி கீழேயுமாகத் தைத்தால் தொட்டியின் விளிம்பைத் தாண்டும்போது இலை மடங்கி வழிவிடும். நுனி மேல்நோக்கித் தைத்தால் விளிம்பில் மாட்டிக்கொண்டு, கொடி பாதியில் நிற்கும். தொட்டிக்குள் கொடியை வட்டமாகச் சுருட்டி வைக்கக் கூடாது. எழும்போது முறுக்கிக்கொண்டு சுழலும். புடவை மடிப்பது போல முன்னும் பின்னுமாக மடித்து வைக்க வேண்டும். இழுப்பவர் கொடியைப் பார்க்க முடியாத இடத்தில் நிற்பார். நூலில் மூன்று இடத்தில் வெள்ளை நாடா ஒட்டிவிட்டால், எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று கைக்கே தெரியும்.

அந்தக் கொடியில் ஜாக் ஏறுவதில்லை. பக்கத்தில் பலகையில் வரைந்து வெட்டிய இன்னொரு கொடி இருக்கும். அதன் பின்னே சாரக் கோபுரத்தோடு போல்ட் போட்ட ஏணி. ஐந்தாறு படி ஏறியதும் விளக்கு அணைந்து திரை மூட வேண்டும். ஆனால் விளக்கு அணைந்த அந்த நொடியில் ஏணியில் நிற்பவருக்குக் கண் தெரியாது. படிகளின் ஓரத்தில் இருட்டில் ஒளிரும் நாடா, பின்னால் ஒரு சிறு நீல விளக்கு, அது எரியும் வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பது – இம்மூன்றும் ஒத்திகையிலேயே பழக்கமாகிவிட வேண்டும்.

வில்லன் எப்போதும் மேடையின் இடப்பக்கத்திலிருந்து, தேவதை வலப்பக்கத்திலிருந்து. பார்வையாளர் பக்கமிருந்து பார்த்தால் இது தலைகீழ். பழைய மரபு, இன்றும் மாற்றுவதில்லை. வில்லன் வரும்போது 'பளீர்' என்று ஒரு வெடிப்பொறி வேண்டும் என்று எல்லாக் குழுவும் ஆசைப்படும். பொறியை நிரப்புகிறவர் கருவியின் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிரப்ப வேண்டும். சாவி இல்லாமல் அது வெடிக்காது. அழுத்துகிறவர் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க முடிகிற இடத்தில் இருக்க வேண்டும். யாராவது அருகில் நின்றால் கியூ, அதாவது அழுத்த வேண்டிய தருணத்தின் குறிப்பு, வந்தாலும் அழுத்தக் கூடாது. பொறி வராமல் வில்லன் வந்தால் யாரும் சாகப்போவதில்லை. புகை எதுவானாலும் மன்றத்தின் தீ எச்சரிக்கைக் கருவியை முன்பே பொறுப்பாளரிடம் சொல்லி அந்தப் பகுதிக்கு மட்டும் நிறுத்தி, அதற்குப் பதிலாக ஓர் ஆளைக் காவலுக்கு வைக்க வேண்டும். மேகநாட்டுக் காட்சிக்கு உலர்பனி அழகுதான். மைனஸ் 78 டிகிரி உலர்பனியை வெந்நீரில் இறக்கினால் தரையோடு தவழும் வெண்மேகம் கிடைக்கும். ஆனால் அதிலிருந்து வருவது கரியமில வாயு. காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். மேடைக்குக் கீழே பள்ளத்தில் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருந்தாலோ, சின்னக் குழந்தைகள் தரையில் படுத்திருந்தாலோ அதைத் தொடவே வேண்டாம்.

இனி கூட்டம். கதாபாத்திரங்களில் ஒன்றைப் போல அதற்கும் வசனம் உண்டு, ஆனால் ஒரு ஒத்திகைக்கும் வருவதில்லை. அதற்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது கொமடியனின் வேலை. திரை எழுந்து பத்து நிமிடத்துக்குள் அவர் வந்து மேடை ஓரத்தில் ஒரு பூந்தொட்டியை வைப்பார். 'இதை யாராவது தொட்டா என் பேரைச் சொல்லிக் கத்துவீங்களா?' முதல் முறை சத்தம் குறைவாகத்தான் வரும். 'காதுல விழலியே!' என்றால் இரண்டாம் முறை கூரை அதிரும். அதோடு நிறுத்திவிட வேண்டும். மூன்றாம் முறை கேட்டால் பெற்றோர்களுக்குச் சலிப்பு வந்துவிடும். அடுத்த ஒரு மணி நேரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை யாராவது அந்தத் தொட்டியைத் தொட வேண்டும். தொடாமலே விட்டால் குழந்தைகள் ஏமாற்றப்பட்டதாக உணர்வார்கள். அவர்கள் நாடகம் முழுக்க அதை ஒரு கண்ணால் காவல் காத்துக்கொண்டிருப்பார்கள்.

'இல்லவே இல்லை!' 'ஆமாம், இருக்கு!' என்ற வாதமும் அப்படித்தான். மூன்று சுற்று. மூன்றாவதில் நடிகர் தோற்க வேண்டும், அல்லது குழப்பி மடக்க வேண்டும். பேய்க்காட்டில் பெஞ்சு மேல் உட்கார்ந்து பயம் போகப் பாடுகிறவர்களுக்குப் பின்னால் பேய் வரும்போது, 'பின்னால! பின்னால!' என்று மன்றமே எழுந்து நிற்கும். பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து ஒரே திசையில் சுற்றுவார்கள். பேயும் அவர்கள் பின்னாலேயே சுற்றும். ஒவ்வொருவராகப் பேய் கவர்ந்து போய்விட, கடைசியில் டேம் மட்டும் மிஞ்சுவார். திரும்பி நேருக்கு நேர் பேயைப் பார்ப்பார். பேய்தான் அலறிக்கொண்டு ஓடும். இதில் எழுதப்பட்ட வசனம் பத்து வரிகூட இல்லை. ஆனால் ஒத்திகையில் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இதுதான். நடிகர்கள் குழந்தைகளின் சத்தத்தோடு போட்டி போட்டுப் பேசக் கூடாது. சத்தம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கும் இடத்தில் அடுத்த வரி விழ வேண்டும். உச்சத்தில் பேசினால் வசனம் கேட்காது. முழுக்க அடங்கிய பின் பேசினால் வேகம் செத்துவிடும்.

வெற்று அறையில் இதை எப்படிப் பழகுவது? மேடையில் வேலை இல்லாத நடிகர்களை நாற்காலியில் உட்காரவைத்துக் கத்தச் சொல்ல வேண்டும். நல்ல கூட்டமாக மட்டும் அல்ல. ஒரு நாள் ஒருவரும் வாய் திறக்காத கூட்டமாக. ஒரு நாள் பதிலைத் தப்பாகச் சொல்லும் கூட்டமாக. ஒரு நாள் காட்சி முடிந்தும் கத்துகிற கூட்டமாக. வியாழக்கிழமை இரவுக் கூட்டமும் சனிக்கிழமை மதியக் கூட்டமும் ஒரே நாடகத்தைப் பார்ப்பதில்லை. முதலாவதில் பெரியவர்கள் அதிகம், சிலேடைக்குச் சிரிப்பார்கள். இரண்டாவது முழுக்க இரைச்சல். இரண்டாவதற்கு வசனத்தைக் கொஞ்சம் மெதுவாக்க வேண்டும் என்பது யாருக்கும் முதலில் தோன்றாது.

பெரியவர்களுக்கு என்று ஓர் அடுக்கு சிரிப்பு இருக்கலாம். குழந்தை அதைக் கவனிக்காமலே கடந்து போக வேண்டும். அம்மாவிடம் 'அதுக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்கும்படியான ஆபாசம் இருந்தால் எழுதியவர் தோற்றுவிட்டார். ஊர்ச் சாலையின் பள்ளம், பக்கத்து ஊரின் கிரிக்கெட் அணி, நின்றுபோன பேருந்து – இந்த உள்ளூர்ச் சிரிப்புக்கு ஈடில்லை. நடிகர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வது மட்டும் கூடாது. ஒத்திகையில் நடந்த ஏதோ ஒன்றை நினைத்து மேடையில் இருவர் குலுங்கிச் சிரிக்கும்போது, காசு கொடுத்து வந்தவர் வெளியே நிற்கிறார். பழைய கதைகளில், முக்கியமாக அலாவுதீனில், சீனர்களைக் கேலி செய்யும் பெயர்களும் உச்சரிப்பும் தலைமுறைகளாக ஒட்டிக்கொண்டு வந்தன. இப்போது பல குழுக்கள் அவற்றை நீக்கிவிட்டே ஆடுகின்றன. அவற்றை நீக்கியதால் ஒரு சிரிப்பும் குறையவில்லை.

ஒலி ஒரு தனி அவஸ்தை. கம்பியில்லா மைக் வாங்கும் குழுக்கள் அலைவரிசையைப் பார்ப்பதில்லை. பிரிட்டனில் 863 முதல் 865 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், ஆனால் அந்த இடைவெளியில் நம்பி ஓட்டக்கூடியது ஏறக்குறைய நான்கு மைக்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் 38-ஆம் சானலுக்கு உரிமம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை நாடகம் போடும்போதும் புது பேட்டரி. ஸ்லாஷ் காட்சிக்கு முன் மைக்கைக் கழற்றிவிட வேண்டும், கத்தியே பேசிவிடலாம். மைக்கைவிட முக்கியம் டிரம்ஸ் வாசிப்பவர். அவர் மேடையை முழுமையாகப் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரு அடி, ஒரு விழுகை, ஒரு கண்சிமிட்டல் – ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. ஹார்லிக்வின் கையில் இருந்த, இரண்டு மரப்பட்டைகள் மோதிச் சத்தம் எழுப்பும் மட்டையின் வேலையைத்தான் இன்று டிரம்ஸ் செய்கிறது. கடைசி வாரத்தில் வந்து சேருகிற டிரம்மரால் பாட்டை வாசிக்க முடியும், நகைச்சுவையை வாசிக்க முடியாது. மூன்று வாரம் முன்பே வரவழைக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் கறாரானது, அது நல்லதும்கூட. இங்கிலாந்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் மேடையேற உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி தேவைப்படலாம். தனித்தனி உரிமமாகவோ, குழு முழுவதற்குமான ஒப்புதலாகவோ. விண்ணப்பம் 21 நாளுக்குக் குறைவான அவகாசத்தில் போனால் மறுக்கலாம். பதிவு பெற்ற காப்பாளர் ஒருவர் அதிகபட்சம் 12 பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். பலர் மறந்துபோவது நேர வரம்பை. ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளை ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் அரங்கில் இருக்கக் கூடாது. சனிக்கிழமை இரண்டு காட்சி. மதியம் ஒரு மணிக்கு வந்து இரவு ஒன்பதே முக்காலுக்குப் போனால் எட்டே முக்கால் மணி ஆகிவிடுகிறது. அதனால் சின்னவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, மதியத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று ஆடவைக்க வேண்டும். இதை செப்டம்பரில் நடிகர் தேர்வு நடக்கும்போதே முடிவு செய்யாவிட்டால், ஜனவரியில் ஏதாவது ஒரு குழந்தையிடம் 'உனக்கு இன்றைக்கு இல்லை' என்று சொல்ல வேண்டி வரும்.

கால அட்டவணை பற்றி ஒன்று மட்டும். செப்டம்பரில் தொடங்கி வாரம் இரு முறை ஒத்திகை, நவம்பர் நடுவில் வசனம் மனப்பாடமாகி, புத்தகத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். கிறிஸ்துமஸ் இரண்டு வாரத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள். அதனால் புத்தாண்டுக்குப் பின் முதல் ஒத்திகையில் எதையும் திருத்தாமல் முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிவிடுவதே சரி.

முடிவுக்கு முன்னால் கூட்டுப்பாட்டு. கொமடியன் ஒரு படுதாவை இறக்குவார். அதில் பாட்டின் வரிகள். கடைசி வரிசைக்கும் தெரிய, எழுத்து ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த மெட்டு, நாலு முதல் எட்டு வரி, கையசைவு. ஒரு முறை பழக்கி, மன்றத்தை இரண்டாகப் பிரித்துப் போட்டி வைத்து, கடைசியில் எல்லாரும் சேர்ந்து. பிறந்தநாள் பிள்ளைகளின் பெயர் வாசிப்பதும் இங்கேதான். மிட்டாய் தருவதாக இருந்தால் எறியாமல் கையில் கொடுப்பது நல்லது. கெட்டி மிட்டாய் கண்ணில் பட்டால் விபரீதம், கடலை சேர்ந்தது ஒவ்வாத பிள்ளைகளும் இருப்பார்கள். இதற்கெல்லாம் ஆறு, ஏழு நிமிடம் ஆகும். படுதாவுக்குப் பின்னால் அந்த நேரத்தில் முப்பது பேர் கல்யாண உடைக்கு மாறிக்கொண்டிருப்பார்கள். டேமுக்கு இது எட்டாவது உடை. முதுகில் வெல்க்ரோ, தொப்பியோடு தைத்த விக், இருபுறமும் இரண்டு உதவியாளர்கள், நாடகம் முழுக்க மாறாத அதே பூட்ஸ். வெல்க்ரோ கிழியும் சத்தம் மன்றம் முழுக்கக் கேட்கும். பிள்ளைகள் பாடுகிறார்கள் என்பதால் பரவாயில்லை. பாட்டை நடத்தும் கொமடியனுக்கு மட்டும் மாற நேரமே கிடையாது. அணிவகுப்பில் சின்னப் பிள்ளைகள், பெரிய கோரஸ், தேவதை, வில்லன் என்று வரிசை நகரும் நாற்பது விநாடியில் அவர் ஒரு பளபளக்கும் கோட்டை மட்டும் மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

எல்லாரும் நின்றபின் எதுகை ஈரடிகளில் விடை சொல்வார்கள். கடைசி இரண்டு அடிகளை ஒத்திகையில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது பாண்டோ நம்பிக்கை. சொன்னால் நாடகம் முடிந்துபோனதாக ஆகிவிடுமாம். ஆடை ஒத்திகையிலும் அந்த இடத்தில் 'தந்தானே தந்தானே' மாதிரி ஏதாவது முணுமுணுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். இதனால் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. இறுதிப் பாட்டுக்கான இசைக் கியூவும் விளக்குக் கியூவும் அந்தக் கடைசி அடியில்தான் இருக்கும் என்று பிரதியில் போட்டிருக்கும். ஆனால் அதை ஒரு முறையும் கேட்டுப் பழகியிருக்க மாட்டார்கள். அதனால் கியூவை ஓர் ஈரடி முன்னால் தள்ளிவைத்து, அங்கிருந்து எட்டுத் தாளம் எண்ணும்படி டிரம்மரிடம் சொல்லிவிட வேண்டும். முதல் நாள் இரவு, ஜாக் வாய் திறந்து அந்த இரண்டு அடியைச் சொல்லும்போது, மன்றத்தில் உள்ளவர்களோடு மேடையில் நிற்கிற முப்பது பேரும் அதை முதல் முறையாகக் கேட்பார்கள்.